உப்புத் தண்ணிக்கு ஏற்ற மீன்



கடம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சம்புவரையர் மாளிகை இருந்த கடம்பூர் இல்லை, சத்தியமங்கலத்துக்கு மேலே மலையில் இருக்கிற கடம்பூரும் இல்லை. கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவில் ரயில் நின்றால் ஜன்னலோரம் போளி விற்க வருவார்களே, அந்தக் கடம்பூர். மகன் பிறந்தநாளுக்கு இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வாங்கியிருக்கிறார்கள். கூடவே ஒரு டஜன் நியான் டெட்ரா, ஒரு ஜோடி ஏஞ்சல், ‘தொட்டியை அதுவே சுத்தம் பண்ணிரும்’ என்று கடையில் சொல்லிக் கொடுத்த சக்கர் ஒன்று. வாரம் முடிவதற்குள் டெட்ரா அத்தனையும் போய்விட்டன. மறுபடி வாங்கினார்கள், மறுபடியும் அதே கதை. ‘எங்க ஊர் தண்ணி மீனுக்கு ராசியில்லாத தண்ணியா சார்?’ என்று கேட்டிருக்கிறார்.

தண்ணீரின் மேல் பழி வேண்டாம் அம்மா. அந்தத் தண்ணீருக்கு ஏற்ற மீனை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதே மாதிரிக் கேள்விகள் எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கமிருந்தும் அவ்வப்போது வருவதால், இந்த மாதம் இந்தப் பக்கத்தை மீன் தொட்டிக்கே எழுதிவைத்துவிட்டேன்.

கரிசல்காட்டில் கிணறு வெட்டினவர்களுக்குத் தெரியும், கறுப்பு மண்ணைத் தாண்டினால் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் வரும். மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கும்போது சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டே இறங்குகிறது. நல்ல தண்ணி, சப்பைத் தண்ணி, உப்புத் தண்ணி என்று வாயில் வைத்ததுமே தரம் பிரிக்கத் தெரிந்த ஜனங்கள் நாம். துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் விறைத்து நிற்கும், சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரியும், வெந்நீர் போட்ட பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளைப் பொருக்குக் கட்டும். இந்த மூன்றும் உங்கள் போர்த் தண்ணியில் இருந்தால் அது கடினநீர். அதற்கு மேல் சோதனை தேவையில்லை. எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வருகிறவர் சட்டைப்பையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், கரைந்திருக்கும் மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்கிறது. கடினத்தன்மைக்கு அதே கணக்கு 200, 600. நம் பக்கத்து போர்களில் எந்தப் பக்கத்து எண் வரும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நியான் டெட்ரா அமேசான் ஆற்றின் மேற்பகுதிக் காட்டு ஓடைகளுக்குச் சொந்தமானது. இலை தழை ஊறித் தேநீர் நிறத்தில் ஓடும் தண்ணீர் அங்கே. உப்பும் சுண்ணாம்பும் கிட்டத்தட்ட இல்லாத, லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீர். இப்போது கடைக்கு வருகிற டெட்ராக்கள் பண்ணையில் பிறந்தவைதான், ஓரளவு தாங்கும். ஆனால் சென்னை கொளத்தூர்ப் பக்கத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பையில் ராத்திரிப் பயணம் செய்து வந்து, மறுநாளே கரிசல் போர்த் தண்ணியில் விழுந்தால் எந்த உடம்பும் திணறும். டிஸ்கஸ் மீனுக்கும் இதே கதைதான், விலை மட்டும் பல மடங்கு.

கரிசலில் யாரும் நெல் நட்டுவிட்டு மண்ணைத் திட்டுவதில்லை. பருத்தி போடுகிறோம், கம்பு போடுகிறோம், உளுந்தும் பாசியும் விதைக்கிறோம். தொட்டிக்கும் அந்தப் புத்தி போதும். மோலி என்று ஒரு மீன் இருக்கிறது. கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை என்று வரும், கடையில் மலிந்த மீன் என்பதால் நாம் மதிப்பதில்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் கரையோரங்களில் ஆற்றிலும் உப்பங்கழியிலும் ஒரே மாதிரி வாழ்கிற ஜாதி அது. மெதுவாகப் பழக்கினால் கடல் நீரில்கூடப் பிழைக்கும். அதை மழைத் தண்ணீர் மாதிரி மென்மையான நீரில் விட்டால்தான் சிறகு ஒடுங்கி ஆட ஆரம்பிக்கும். பிளாட்டி, வாள்வால் இரண்டும் அதன் உறவு. கப்பியும் அப்படித்தான். 1866-ல் டிரினிடாட் தீவிலிருந்து ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்த மீன், அவர் பெயரையே தூக்கிக்கொண்டு உலகம் சுற்றுகிறது. கொசுப்புழு தின்பதற்காக நம் ஊர்க் கிணறுகளிலும் தொட்டிகளிலும் சுகாதாரத் துறை விட்டுவைத்த மீன்களில் அதுவும் ஒன்று. கிணற்றில் குடும்பம் நடத்தினது கண்ணாடித் தொட்டியில் நடத்தாதா?

கொஞ்சம் பெரிய ஆசை உள்ளவர்கள் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்களைப் பாருங்கள். மஞ்சள், நீலம் என்று கடல் மீனுக்குச் சவால் விடும் நிறம். அந்த ஏரியின் பி.எச். 7.7 முதல் 8.6 வரை. நம் போர்த் தண்ணியும் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் நிற்கிறது. சென்னைக்காரர்கள் இந்த மீனுக்காகத் தொட்டியில் பவளக்கல்லும் சிப்பியும் போட்டுத் தண்ணீரைக் காரமாக்கப் பாடுபடுவார்கள். நமக்கு மோட்டாரைப் போட்டால் போதும். ஆனால் சண்டைக்கார மீன். இரண்டடித் தொட்டியில் வேண்டாம், நான்கடி இருந்தால் யோசிக்கலாம்.

கோவில்பட்டிக்காரர்கள் இந்த இடத்தில் குறுக்கே வருவார்கள். ‘எங்களுக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணி வருதே’ என்று. வருகிறது. போர்த் தண்ணியைவிட எவ்வளவோ மென்மையான தண்ணீர். ஆனால் அதில் குளோரின் இருக்கும், குடிநீர்க் குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது விதி. நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு ஆகாது. வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் சாதாரணக் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து போதும். அதில் இருப்பது சோடியம் தயோசல்பேட். பழைய ஃபோட்டோ ஸ்டூடியோக்களில் பிலிம் கழுவ வைத்திருந்த ஹைப்போவும் அதே சரக்குதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள் தவறி வருகிற நல்ல தண்ணியை மீனுக்கு ஊற்ற மனசு வருமா? போர்த் தண்ணியிலேயே வாழ்கிற மீனை வைத்துக்கொண்டால் அந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை.

இனி அந்த வாசகியின் தொட்டியில் நடந்த இரண்டாவது விஷயம். டெட்ராக்களைக் கொன்றதில் இதற்குத்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். புதுத் தொட்டி, புதுத் தண்ணீர், முதல் நாளே பதினைந்து மீன். மீனின் கழிவிலும் மிச்ச இரையிலும் அம்மோனியா உண்டாகிறது. பழகிய தொட்டியில் பில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிய ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதி இல்லாத நைட்ரேட்டாக்கும். இந்தக் கூட்டம் வேர் பிடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா தங்கும். கரிசல் நீரில் இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருந்தால், தண்ணீரிலுள்ள அம்மோனியாவில் விஷமாக நிற்பது நூற்றில் அரைப் பங்குதான். பி.எச். 8 ஆனால் அது ஐந்து பங்கைத் தாண்டிவிடுகிறது. பத்து மடங்கு. சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால் இன்னும் ஏறும். மெட்ராஸில் தாக்குப்பிடித்த அதே தவறு கடம்பூரில் மீனைக் கொல்லும்.

அதனால் முதல் மாதம் நான்கு மோலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடுகிற தொட்டி இருந்தால், அவர்கள் பில்டர் பஞ்சை உங்கள் தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிடச் சொல்லுங்கள். அந்த அழுக்குத் தண்ணீரில் பாக்டீரியா இருக்கிறது. கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட நான் அதைத்தான் நம்புவேன். புது மீனைப் பையோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றிக்கொண்டே வாருங்கள். கடைத் தண்ணீருக்கும் நம் தண்ணீருக்கும் உப்பில் தூரம் அதிகம், முக்கால் மணி நேரமாவது ஆகட்டும். கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் வாசல் செடிக்குப் போகட்டும்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு கணக்கு இருக்கிறது. இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரத் தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் நிற்கும். கோடையில், மேலே மின்விசிறி சுற்ற, வெளியே காய்ந்த காற்று அடிக்க, வாரத்துக்கு ஐந்து லிட்டர் வற்றுவது சாதாரணம். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உங்கள் போர்த் தண்ணியின் டி.டி.எஸ். 1500 என்று வையுங்கள். தொட்டியில் ஆரம்பத்தில் 75 கிராம் உப்பு. வற்றின அளவுக்கு அதே தண்ணியை ஊற்ற ஊற்ற, வாரம் ஏழரை கிராம் கூடுகிறது. பத்து வாரத்தில் 150 கிராம், அதாவது டி.டி.எஸ். 3000. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருக்கும், பார்த்து ஒன்றும் தெரியாது. ‘தண்ணி குறைஞ்சா ஊத்திக்கிட்டேதான் இருந்தோம், திடீர்னு ஒவ்வொண்ணா செத்துச்சு’ என்று வரும் கடிதங்களின் பின்னால் பாதி நேரம் இந்தக் கணக்குதான் நிற்கிறது.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது விட்டால், அதே 1500 தண்ணியை ஊற்றினாலும் தொட்டியின் டி.டி.எஸ். 2000-ஐ ஒட்டியே நின்றுவிடும். வற்றினதை மட்டும் ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றினால் இன்னும் நல்லது. ஐப்பசி கார்த்திகையில் முதல் மழையை விட்டுவிட்டு, மொட்டை மாடி கழுவிப்போன பிறகு பிடித்த தண்ணீரை மூடிய டிரம்மில் வைத்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றித் தொட்டி முழுவதையும் நிரப்புகிறவர்களும் உண்டு. அது வேண்டாம். உப்பே இல்லாத தண்ணீரில் பி.எச். நிலைகொள்ளாது. ஒரு நாள் நன்றாயிருக்கும், மறுநாள் சரிந்துவிடும். சுண்ணாம்பு உள்ள நம் தண்ணீரின் பெரிய குணமே அதன் பி.எச். அசையாமல் நிற்பதுதான். டெட்ராதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் ஆர்.ஓ. தண்ணீர் மூன்று பங்கு, போர்த் தண்ணி ஒரு பங்கு என்று கலந்து, எப்போதும் அதே அளவில் கலந்து, மீட்டரில் பார்த்து நடத்தலாம். அந்தச் சிரமம் எனக்கு ஒத்துவராது.

தண்ணீர் மாற்றுவதற்கு மீன்களை வெளியே எடுக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்களைப் பக்கெட்டில் அள்ளிப்போட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கல்லை சோப்புப் போட்டுத் தேய்த்து, மீண்டும் பளபளவென்று நிரப்புகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சுத்தம் பார்க்கிற கை, மீனுக்கு எமன். பாக்டீரியாக் குடியிருப்பு முழுவதையும் அன்றைக்கே கழுவிக் கொட்டியாயிற்று, தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போய்விட்டது. ஒரு டியூபை எடுத்து, அடிமட்டக் கூழாங்கல்லில் முனையைக் குத்திக் குத்தி அழுக்கோடு உறிஞ்சிப் பக்கெட்டில் விடுங்கள். பன்னிரண்டு லிட்டர் வரும். அதில் நைட்ரேட் இருக்கிறது, முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினால் தழைக்கும். குடிக்கத் தண்ணீர் சுமந்த ஊரில் இது வீண் செலவில்லையா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான். செடிக்குப் போக வேண்டிய தண்ணீர் ஒரு வாரம் மீனோடு இருந்துவிட்டுப் போகிறது.

சாதனங்களுக்கு வருவோம். கடையில் செட்டாகக் கொடுப்பார்கள். ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கடம்பூரில் மார்கழி இரவுக்குக்கூட அது தேவையில்லை. காற்றுப் பம்பும் ஒரு பஞ்சு பில்டரும் இருந்தால் இரண்டடித் தொட்டி நிம்மதியாக ஓடும். பம்பைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு கம்பிச் சுருள், அதன் எதிரே காந்தம் ஒட்டிய சின்ன கை, கையின் முனையில் கிண்ணம் மாதிரி ஒரு கறுப்பு ரப்பர். நம் வீட்டு மின்சாரத்துக்கு ஏற்ப அந்தக் கை நொடிக்கு 50 தடவை ஆடி ரப்பரை அமுக்குகிறது. நம் வெயிலுக்கு அந்த ரப்பர் இறுகி வெடிக்கும். காற்று குறைந்து சத்தம் கூடினால் பம்ப் போய்விட்டது என்று தூக்கிப்போடாதீர்கள், ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும். ரப்பர் சீக்கிரம் கிழிவதற்கு இன்னொரு காரணம் காற்றுக்கல். சுண்ணாம்பு ஏறி அதன் துளைகள் அடைபட்டால், வெளியேற வழியில்லாத காற்று ரப்பரையே முட்டும். கல்லை மாதம் ஒருமுறை இரவு முழுக்க வினிகரில் போட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் புதிது மாற்றுங்கள்.

பம்பைத் தொட்டிக்குக் கீழே மேஜையில் வைத்திருந்தால் ஒன்று கவனியுங்கள். கரண்ட் போனதும் காற்று நிற்கும், தொட்டித் தண்ணீர் அந்த டியூப் வழியாகவே பின்னோக்கி ஏறி இறங்கிப் பம்புக்குள் வந்துவிடும். பம்புக்குள் மட்டும் வந்தால் பரவாயில்லை, பக்கத்தில் பிளக் போர்டு இருக்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு பலகை அடித்துப் பம்பை அதில் வையுங்கள். முடியாவிட்டால் டியூபின் நடுவே ஒருவழி வால்வு ஒன்று சொருகுங்கள். விலை ஒரு காபிச் செலவுதான். எல்லா ஒயரும் பிளக்குக்குப் போவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும், வழிகிற சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். சிறுவர்கள் இருக்கிற வீட்டில் இதைச் சொல்லியே பழக்குங்கள்.

மோட்டார் பில்டர் வைத்திருப்பவர்களுக்கு: நாலைந்து மாதத்தில் அது கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம். முன் மூடியைக் கழற்றினால் விரல் தடிமனில் காந்தத் தண்டும் அதன் தலையில் சின்ன விசிறியும் வெளியே வரும். தண்டைச் சுற்றி மாவு பூசினது மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அது உங்கள் கிணற்றுச் சுண்ணாம்பு. அரை மணி நேரம் வினிகரில், இல்லை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். நடுவே ஓடும் பீங்கான் ஊசி உடையக்கூடியது, அதை நெம்பாதீர்கள். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தில் படியும் வெள்ளைக் கோட்டுக்கும் எலுமிச்சை மூடிதான் மருந்து. பில்டரின் பஞ்சை மட்டும் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பக்கெட் தண்ணீரிலேயே நாலு பிழி பிழிந்தால் போதும். குளோரின் குழாயில் பளிச்சென்று கழுவினால் பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். தண்ணீர் வற்றிப் பில்டரின் வாய் வெளியே தெரிந்தால் மோட்டார் காய்ந்து ஓடிப் புகைந்துவிடும், கோடையில் ஊருக்குப் போகும்போது இதை நினைவில் வையுங்கள்.

இரவில் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பம்பை நிறுத்துகிற வீடுகள் உண்டு. செடி வைத்த தொட்டியில் இரவில்தான் ஆக்ஸிஜன் குறையும், செடியும் அப்போது மூச்சு வாங்குகிறது. சத்தத்துக்குப் பம்பின் அடியில் ஒரு துண்டு பழைய சைக்கிள் டியூப் வையுங்கள். வெப்பம் ஏற ஏறத் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்ஸிஜனும் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 35 டிகிரியில் 7-க்குக் கீழே வந்துவிடும். பங்குனி சித்திரையில் மீன் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றால் பசி என்று இரை போட்டுவிடாதீர்கள். மூடியைத் திறந்து, ஒரு டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் படும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நம் காற்று காய்ந்த காற்று என்பதால் இது கடற்கரை ஊர்களைவிட நமக்கு நன்றாகவே வேலை செய்யும். ஐஸ் கட்டியை அப்படியே கொட்டாதீர்கள். ஆடி மாதம் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, வீட்டுக்குள் கரிசல் புழுதியும் கொண்டுவரும். அப்போது மூடி அவசியம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பத்திரிகையில் ஊர்ப் பெயர் வருமே, காலை 9 முதல் மாலை வரை. அன்றைக்குக் காலையில் இரை போடாதீர்கள். யு.எஸ்.பி.யில் ஓடும் சிறு காற்றுப் பம்ப் கிடைக்கிறது, செல்போன் பவர் பேங்கில் சொருகினால் பொழுது போகும். அதுவும் இல்லையென்றால் ஒரு செம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், மணிக்கு ஒரு தடவை பத்துச் செம்பு. மூடிய டப்பா போன்ற கேனிஸ்டர் பில்டர் நாள் முழுக்க நின்றிருந்தால் கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள், உள்ளே பாக்டீரியா மூச்சின்றிச் செத்து அழுகியிருக்கும். திறந்து அலசிவிட்டு ஓட்டுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று, கொசு மருந்து. காயில், லிக்விட், ஸ்பிரே எல்லாவற்றிலும் இருக்கும் பைரெத்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். காற்றுப் பம்ப் அறையின் காற்றைத்தானே உறிஞ்சித் தண்ணீரில் விடுகிறது! தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்த கையைக் கழுவினாலும் அன்றைக்குத் தொட்டிப் பக்கம் போக வேண்டாம்.

இரையைப் பற்றி ஒரே வரி: இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு, நாளைக்கு ஒரு வேளை, அதிகம் போனால் இரண்டு. பிள்ளைகள் இட்லி, சோறு, கடம்பூர் என்பதால் போளித் துணுக்கும் போடுவார்கள். போளியின் நெய் மேலே ஏடாகப் படர்ந்து காற்று உள்ளே போகாமல் மறைத்துவிடும். போளியை நாமே தின்றுகொள்வோம். தொட்டியில் செடி வைக்க நம் ஓடைகளிலும் கண்மாய்களிலும் கிடைக்கிற வேலம்பாசியே போதும், சுண்ணாம்புத் தண்ணீரில் செழிக்கிற இனம் அது. நன்றாக அலசி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்துவிட்டுப் போடுங்கள். விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம், ஜன்னல் வெயில் நேராக விழக்கூடாது. மீன் மேல் ரவை தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தால் தூத்துக்குடிக் கல்லுப்பு லிட்டருக்கு இரண்டு கிராம், ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து ஊற்றுங்கள். மோலியும் கப்பியும் சந்தோஷமாகத் தாங்கும். செடி வாடும், அதை முதலில் எடுத்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் முருங்கைக்கு வேண்டாம்.

கடைசியாக அந்தச் சக்கர். அது தொட்டியைச் சுத்தம் செய்யாது. கொஞ்சம் பாசி தின்னும், நிறையக் கழிவு போடும், ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்து இடம் போதாமல் போனதும் பக்கத்துக் கண்மாயில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, வலையைக் கிழித்து, விற்பனைக்கும் ஆகாமல் மீனவர்களுக்குத் தொல்லையாகிக் கிடக்கிறது. 1952-ல் வளர்ப்புக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் குளத்தில் இல்லை? தாமிரபரணியில் மட்டுமே வாழ்கிற, அறிவியல் பெயரிலேயே அந்த ஆற்றின் பெயரைத் தாங்கிய ஒரு கெண்டை இருக்கிறது. முதுகுச் சிறகில் இழை இழையாக நீட்டிக்கொண்டு, உடம்பில் கறுப்புத் திட்டுகளோடு இருக்கும். 1954-ல் ஈ.ஜி. சைலஸ் உலகுக்கு எடுத்துச் சொன்ன மீன், இப்போது அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. நாம் விடுகிற வெளியூர் மீன் போய் முட்டுவது இந்த மாதிரி இனங்களோடுதான். வளர்க்க முடியாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

கடம்பூர் வாசகிக்கு: தொட்டியைக் கழுவாதீர்கள், இருக்கிறபடியே இருக்கட்டும், பம்ப் ஓடட்டும். ஏஞ்சல் இரண்டும் இன்னும் இருந்தால் தாங்கிக்கொண்டன என்று பொருள், அவற்றுக்கும் வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து நாலு கறுப்பு மோலி வாங்குங்கள், ஓர் ஆணுக்கு மூன்று பெண். குட்டி போட்டால் மகனைவிட்டு எழுதச் சொல்லுங்கள். மற்ற வாசகர்களும் உங்கள் போர்த் தண்ணியின் டி.டி.எஸ். எண்ணையும், அதில் எந்த மீன் எத்தனை காலமாக இருக்கிறது என்பதையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து ஒரு பட்டியலாகப் போட எண்ணம்.

அன்புடன்,
ஆசிரியர்